சோறு இல்லாமல் மூன்று சுற்று

“சோறு கூடாதுங்கிறீங்க. கோழி, முட்டை நான் தொட மாட்டேன். அப்ப மிச்சம் என்ன மிஸ் இருக்கு? காத்தா?”

என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கணேசன் அண்ணன் இப்படிக் கேட்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி பரமேஸ்வரி அக்கா சிரிப்பை அடக்கத் துப்பட்டாவை வாய்க்குக் கொண்டுபோனார். நான் சிரிக்கவில்லை. கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். பிறகு பழகிப் பார்த்ததில் இரண்டும்தான் என்று தெரிந்தது.

கிள்ளானில் இருக்கும் இந்தக் கிளினிக்கில், உணவு ஆலோசகர் என்று பலகை மாட்டிய இந்தச் சின்ன அறைக்கு என் இடத்தில் வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இல்லை. போக வேண்டிய காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். கலோரிக் கணக்கும் மாவுச்சத்துப் பட்டியலும் உங்களுக்கும் தெரியும், பரீட்சை எழுதித்தான் வந்திருப்பீர்கள். அதையெல்லாம் நான் சொல்லித் தரப்போவதில்லை. எதைச் சந்தேகப்பட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சந்தேகம் எனக்கு ரத்தத்திலேயே உண்டு. ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் என் அப்பா களைக்கொல்லி அடிக்கும் வேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லும்போது நான் அடக்கம் காட்டுவதில்லை. சின்ன வயதில் வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும், எந்த டப்பாவையும் படித்துச் சொல்வது என் வேலை. ஒருநாள் அப்பாவின் மருந்து டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, “கையுறை இல்லாம தொடக்கூடாதுன்னு போட்டிருக்குப்பா” என்றேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில் பச்சை இலை படம் இருந்தால் பின்பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் பழக்கம்.

கணேசன் அண்ணன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். விடியுமுன் ஹாஸ்டலிலிருந்து ஆட்களை ஏற்றி ஷா ஆலமில் இறக்கிவிட்டு, காலையிலேயே திரும்பி வந்து இன்னொரு கூட்டத்தை ஏற்றிப் போவார். அவருடைய சர்க்கரை ரொம்ப நாளாக ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் டாக்டர் அவரிடம் நேராகச் சொல்லிவிட்டார்: “மூணு மாசம் டைம். அடுத்த ரத்தப் பரிசோதனையில இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்.” அவர் வேலை பார்த்த கம்பெனியோ ஊசி போடுகிறவர்களை ஸ்டீயரிங் பக்கம் விடுவதில்லை. வேறு வேலை அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் போக மாட்டார். “கேட்ல குந்திகிட்டு சலாம் போடுற வேலைக்கு நான் போவேனா மிஸ்?” என்றார்.

சைவம் என்பதும் அவருக்கு விளையாட்டில்லை. மகளுக்குக் கைக்குழந்தையில் கடுமையான காய்ச்சல் வந்தபோது பத்துமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு கோழி, முட்டையை விட்டது. மகள் இப்போது காலேஜ் போகிறாள். அதனால் முட்டையாவது சாப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். கடவுளோடு ஒருவர் போட்ட ஒப்பந்தத்தில் நாம் நடுவில் புகுந்து பேரம் பேசினால், அதற்குப் பிறகு நாம் சொல்லும் எதையும் அவர் கேட்கமாட்டார்.

முதலில் எல்லோரும் எழுதிக் கொடுப்பதைத்தான் நானும் எழுதிக் கொடுத்தேன். டோஃபு, காளான், பச்சைக் காய்கறி, ஒரு கைப்பிடி கச்சான் என்கிற வேர்க்கடலை, சர்க்கரை போடாத தயிர். சோறு, ரொட்டி, தோசை, இட்லி, மீ நூடுல்ஸ் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். பார்க்க அழகான திட்டம்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். சர்க்கரை அசையவில்லை.

“சாப்பிடுறதை எல்லாம் சொல்லுங்க அண்ணே.”

“நீங்க சொன்னதுதான். அதோட புரோட்டீன் வேணும்னீங்கள்ல, அதனால சைவ மட்டன்.”

பரமேஸ்வரி அக்கா பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். சீனர் சைவக் கடைகளில் உறைய வைத்து விற்பார்களே, அதுதான். முன்பக்கத்தில் பச்சை இலை. திருப்பிப் படித்தேன். சோயா ஓரிடத்தில் இருந்தது, உண்மை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் மாவும் ஸ்டார்ச்சும் சீனியும் வரிசையாக நின்றன. இவர் அதைக் கெட்டிக் குழம்பாக வைத்து, வயிறு நிறையவில்லை என்று ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட்டையே முடித்துக்கொண்டிருந்தார்.

“இது மட்டனும் இல்ல, புரோட்டீனும் அதிகம் இல்ல அண்ணே. பாதி மாவு.”

அவர் பாக்கெட்டை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “கடைக்காரன் பொய் சொல்றானா, நீங்க சொல்றீங்களா?”

“ரெண்டு பேரையும் நம்பாதீங்க. பின்னாடி எழுதியிருக்கிறதை உங்க மகளைப் படிக்கச் சொல்லுங்க.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு என்னைக் கொஞ்சம் நேராகப் பார்த்துப் பேசினார். எல்லா மாற்று இறைச்சியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. சிலவற்றில் சோயா நன்றாகவே இருக்கும். எது எது என்று படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மட்டன் போனது. பசி போகவில்லை. நான் எழுதிக் கொடுத்த அளவு சரிதான் என்று எனக்குத் தெரியும். டோஃபுவும் கச்சானும் தயிரும் ஒரு ஆளைப் பல மணிநேரம் தாங்கும். ஆனாலும் இவர் பசிக்கிறது என்கிறார். பொய் சொல்கிறாரோ, வெளியே பரோட்டாக் கடையில் ரொட்டி சானாய் தின்றுவிட்டு வந்து இங்கே பசி என்று நடிக்கிறாரோ என்று தோன்றியது. ஒருநாள் மதியம் வரச் சொன்னேன். கிளினிக்கின் பின்னால் நாங்கள் சாப்பிடும் இடத்தில் உட்கார வைத்து, நான் சொன்ன சாப்பாட்டை நானே செய்து கொண்டுவந்து என் கண்முன்னால் சாப்பிடச் சொன்னேன். வறுத்த டோஃபு, வெள்ளரி, தவுகே என்கிற பயறு முளை, மேலே கச்சான் தூள். பக்கத்தில் ஒரு முள்கரண்டி.

நல்ல பிள்ளை மாதிரி முழுதும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன்.

“அப்புறம்?” என்றார்.

“அப்புறம் என்ன அண்ணே?”

“ரசம்?”

“ரசமா?”

“மோர் வேற இருக்குல்ல? இது தொட்டுக்கிறதுக்குன்னு நினைச்சு சாப்பிட்டேன் மிஸ். சாப்பாடு இன்னும் ஆரம்பிக்கலையே.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நம் ஆட்களுக்குச் சாப்பாடு என்பது ஒரு வரிசை. முதலில் குழம்பு, அப்புறம் ரசம், கடைசியில் மோர். கையால் பிசைய வேண்டும். மோர் ஊற்றினால்தான் முடிந்தது என்று உடம்புக்கே சொல்லப்படுகிறது. வாழையிலைக் கடையில் பாருங்கள், மோர் வராமல் யாராவது இலையை மடிக்கிறார்களா? நான் வெட்டியது மாவுச்சத்தை மட்டும் இல்லை. சாப்பாட்டின் நடுவையும் முடிவையும் சேர்த்து வெட்டியிருந்தேன். வயிறு நிறைந்தாலும் அவர் இன்னும் சாப்பாட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் அவர்கள் வீட்டு அடுப்படியில் நானும் பரமேஸ்வரி அக்காவும் நின்றோம். சோற்றின் இடத்தில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. வெறும் காலிஃபிளவரைத் துருவி வேக வைத்தோம். குழம்பு ஊற்றியதும் தண்ணீராகிப் போனது. வெறும் டோஃபுவை உதிர்த்துப் போட்டோம். ரசம் பாலாக மாறியது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இதைக் குடிச்சா அவரு என்னை விவாகரத்து பண்ணிடுவாரு” என்றார். கடைசியில் கெட்டி டோஃபுவைத் துணியில் கட்டி நன்றாகப் பிழிந்து, உதிர்த்து, துருவிய முட்டைக்கோஸோடு எண்ணெயில் ஈரம் போகும்வரை வதக்கினோம். கடுகு, கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய். பிசைந்தால் கையில் நின்றது. குழம்பில் பருப்பைக் குறைத்துச் சுரைக்காயும் கத்திரிக்காயும் போட்டோம். பருப்பைப் புரதம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். மாவும் அதே பருப்பில்தான் ஒளிந்திருக்கிறது. தொட்டுக்கொள்ள, சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்பேயை மிளகாய் போட்டு மொறுமொறு என்று ஒரு வறுவல், காச்சாங் போத்தோல் என்கிற சிறகவரையில் ஒரு பொரியல். ரசம் ரசமாகவே. மோருக்குக் கெட்டித் தயிர்.

அண்ணன் இலையில் உட்கார்ந்தார். குழம்புக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. கடைசிச் சுற்றில் விரலை நக்கிவிட்டு ஒரு ஏப்பம் விட்டார். பரமேஸ்வரி அக்கா என்னைப் பார்த்தார். எந்தப் பரீட்சை முடிவும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

இதுவரைக்கும் சொன்னது நான் எந்தக் கூட்டத்திலும் பெருமையாகச் சொல்லும் கதை. இனி வருவதுதான் உங்களுக்கு.

சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. நன்றாகவே இறங்கியது. மாவுச்சத்தைக் குறைத்தால், சர்க்கரையை அழுத்தி இறக்கும் மாத்திரையையும் டாக்டர் குறைக்க வேண்டும். இல்லையென்றால் ஆபத்தான அளவுக்குக் கீழே போய்விடும். டாக்டரிடம் சொன்னேன். அவர் அந்த மாத்திரையை முழுதாகவே நிறுத்தினார். மிச்சம் இருந்த மாத்திரை தனியாக யாரையும் அப்படிக் கீழே தள்ளாதது. எல்லாம் முறைப்படி நடந்தது.

மாத்திரையை நிறுத்திய பிறகும் இறங்கியது.

டாக்டருக்குச் சந்தோஷம். “உன் மூணு சுற்றை மத்த கிளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கணும்மா,” என்றார்.

“எனக்கு இது சரியாப் படலை டாக்டர்.”

“உன் சாப்பாடு வேலை செய்யுது. நீயே சந்தேகப்படுறியா?”

“ஆமா டாக்டர். சாப்பாடு இவ்வளவு வேகமா இவ்வளவு கீழே கொண்டுபோகாது.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. வெளியே ஒரு வரிசையே காத்திருக்கும்போது, நல்ல செய்தியோடு சண்டை போட யாருக்கு நேரம்? ஆனால் உங்களிடம் சொல்கிறேன், கெட்ட எண் வந்தால் எல்லோரும் காரணம் தேடுவார்கள். நல்ல எண்ணுக்கும் காரணம் தேடுகிற ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவராவது வேண்டும்.

முதலில் அவருடைய கருவியைச் சந்தேகப்பட்டேன். எங்கள் கருவியில் பார்த்தோம், அதே எண். பிறகு பட்டினி கிடக்கிறாரோ என்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

“பட்டினியா? ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுறாரு. ஆனா மிஸ், காலையில முதல் டிரிப் முடிச்சு வர்றப்ப கோவம் கோவமா வருது. சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு.”

“பஸ்ல ஏர்கோன் இல்லையா அக்கா?”

“அது குளிருது மிஸ். ஆளுங்க ஸ்வெட்டர் போட்டுகிட்டுத்தான் ஏறுவாங்க.”

சர்க்கரை கீழே போனால் வேர்க்கும், கை நடுங்கும், கோபம் வரும். அண்ணனிடமே கேட்டேன். வேறு யாரிடமாவது மருந்து வாங்கிச் சாப்பிடுகிறீர்களா?

“சத்தியமா இல்ல மிஸ். முருகன் மேல ஆணையா வேற மருந்து நான் தொடல.”

வேண்டுதலுக்காக இத்தனை வருஷம் முட்டையைக்கூடத் தொடாதவர் முருகன் பெயரைச் சொல்லிப் பொய் சொல்லமாட்டார். எனக்கு அது தெரியும். ஆனாலும் எண் சரியில்லை. “அப்படி வேர்த்தா வீட்டுக்குப் போகாதீங்க. நேரா இங்க வாங்க,” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஒரு புதன்கிழமை காலை வந்தார். கிளினிக் திறந்த புதிது. டாக்டர் இன்னும் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவருடைய நீண்ட வெள்ளை பஸ் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை.

“மிஸ்... சும்மா வந்தேன்... இங்க எத்தனை பேர் ஏறுறாங்க?” என்றார்.

விரலில் குத்திப் பார்த்தேன். மூன்று புள்ளி ஒன்று. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. சீனி நிறையக் கரைத்துக் கொடுத்தேன், குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. எண் ஏறியது. உடனே கடிகாரத்தைப் பார்த்தார்.

“தேங்க்ஸ் மிஸ். ரெண்டாவது டிரிப். ஹாஸ்டல்ல ஆளுங்க நிப்பாங்க. நான் கிளம்புறேன்.”

“நீங்க ஓட்ட முடியாது அண்ணே.”

“ஏறிடுச்சுல்ல? நீங்களே பார்த்தீங்கல்ல?”

ஏறியதை நானும் பார்த்தேன். ஆனால் நிறுத்திய மாத்திரையின் வேலையை அவர் உடம்புக்குள் வேறு ஏதோ ஒன்று செய்துகொண்டிருக்கிறது. அது தீரும்வரை, குடித்த சீனி கரைந்ததும் சர்க்கரை மறுபடி இறங்கும். எப்போது இறங்கும்? நெடுஞ்சாலையிலா, சிக்னலிலா? பின்னால் நாற்பது பேர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

பஸ் சாவி மேசைமேல் இருந்தது. எடுத்து என் கைக்குள் மூடிக்கொண்டேன்.

அவர் ஒரு கணம் நம்பவில்லை. பிறகு மரியாதை போய்விட்டது. “சாவி எடுக்க நீ யாரு? நேத்து வந்த பொண்ணு நீ. குடு இங்க!”

“குடுக்க மாட்டேன்.”

“என் சோத்துல மண்ணைப் போடுறே நீ. தெரியுமா?”

“தெரியும் அண்ணே.”

எழுதித் தந்த எந்தச் சட்டமும் அந்தச் சாவியை எடுக்க எனக்கு உரிமை கொடுக்கவில்லை. அவர் கையை ஓங்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஓங்கவில்லை. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

அவருடைய போன் அடித்தது. எடுக்காமல் என்னிடம் நீட்டினார். நீயே சொல்லிக்கொள் என்கிற மாதிரி. டிப்போ சூப்பர்வைசர்.

“அண்ணே, எங்க இருக்கீங்க? ஹாஸ்டல்ல ஆளுங்க கத்துறாங்க லா!”

“நான் கிளினிக்ல இருந்து பேசுறேன். கணேசன் அண்ணனுக்கு உடம்பு சரியில்ல. இன்னிக்கு வண்டி ஓட்ட முடியாது. வேற டிரைவர் அனுப்புங்க.”

“என்ன உடம்பு? சுகரா?”

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை போய்விடும். இல்லை என்று சொன்னால் நானே பொய் சொல்லி அவரை மறுபடி வண்டியில் ஏற்றிவிட்ட மாதிரி.

“நோயாளி விஷயத்தை நான் போன்ல சொல்லக் கூடாது பாஸ். எனக்கு அனுமதி இல்ல. டாக்டர் வந்ததும் எம்.சி. லீவு எழுதிக் கொடுப்பாரு. இப்ப உங்களுக்கு வேண்டியது ஒரு டிரைவர்.”

சூப்பர்வைசர் எதையோ முணுமுணுத்துவிட்டு வைத்தார். நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு போனை எடுப்பீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. உயிரைக் காப்பாற்றத் தேவையான உண்மையைச் சொல்லுங்கள். மிச்சம் அந்த நோயாளிக்குச் சொந்தம்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அண்ணன் குரல் தணிந்திருந்தது. “சொல்லலை.”

“சொல்லலை. இப்ப நீங்க சொல்லுங்க. காலையில எழுந்ததிலிருந்து வாயில போட்டது என்னென்ன? மருந்தான்னு கேக்கலை. வாயில போட்டது எல்லாம்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியை எடுத்து வைத்தார். உள்ளே பழுப்பு நிறப் பொடி. “இது மருந்து இல்ல மிஸ். மூலிகை. நாவல் கொட்டை, பாகல், அந்த மாதிரி. பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒருத்தர் கொடுக்கிறாரு. டிப்போல பிரண்ட் வாங்கிட்டு வந்தான். காலையில ஒரு ஸ்பூன்.”

“எப்ப இருந்து?”

“நீங்க அந்த மூணு சுற்று ஆரம்பிச்ச வாரத்துல இருந்து.” புட்டியை என் பக்கம் தள்ளினார். “டோஃபு தின்னு சர்க்கரை இறங்கும்னு எனக்கு நம்பிக்கை வரலை. ஒரு காப்புக்கு இருக்கட்டும்னு...”

அவர் முருகன்மேல் இட்ட ஆணை பொய் இல்லை. அவர் கணக்கில் மருந்து என்பது டாக்டர் கொடுப்பது. மூலிகை என்பது அடுப்படியில் இருப்பது. நம்மிடம் வரும் பாதிப் பேருக்கு அதே கணக்குதான். புட்டியைத் திருப்பினேன். பச்சை இலை படம் இருந்தது. பதிவு எண் இல்லை. செய்தவர் பெயர் இல்லை.

டாக்டர் வந்ததும் அவரை மருத்துவமனைக்கு அனுப்பினார். நான் பயந்தபடியே அன்று மதியம் சர்க்கரை மறுபடி இறங்கியதாம். இரவு முழுதும் வைத்துப் பார்த்து மறுநாள்தான் விட்டார்கள். பொடியைச் சுகாதார அதிகாரிகளிடம் சேர்த்தோம். பல வாரங்கள் கழித்து எங்கள் மருந்தாளர் வந்து சொன்னார்: மூலிகை இருந்தது. அதோடு நாங்கள் நிறுத்திய அதே வகை மாத்திரையை அரைத்துக் கலந்திருந்தார்கள்.

பொடி போனதும் எனக்கு வேறு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது, என்மேலேயே. இறங்கிய எண் எல்லாம் பொடியின் எண் என்றால், என் மூன்று சுற்றுக்கு மிச்சம் என்ன? ஏப்பம் மட்டும்தானா? அது தெரியும்வரை எந்தக் கூட்டத்திலும் அதைப் பற்றிப் பேச மறுத்தேன். டாக்டர் கோபித்துக்கொண்டார்.

பரிசோதனைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. பொடி உள்ளே போன நாட்களையும் சேர்த்துக் காட்டும் எண் எங்களுக்கு வேண்டாம் என்று டாக்டரிடம் சண்டை பிடித்தேன். அவர் நாளைத் தள்ளிப் போட்டார். பொடியை நிறுத்தி முழுதாக மூன்று மாதம், சாப்பாடும் மிச்சமிருந்த மாத்திரையும் மட்டும். பரமேஸ்வரி அக்கா தினமும் டோஃபு பிழிந்தார். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. எண்களை அக்காதான் அனுப்புவார். கொஞ்சம் ஏறியது. எனக்குத் தூக்கம் கெட்டது. ஏறியது ஓரிடத்தில் நின்றது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க அண்ணன் வந்தார். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, “ஊசி இப்ப வேண்டாம்,” என்றார். பொடி நாட்களின் அழகான எண் இல்லை. ஆனால் டாக்டர் கிழித்த கோட்டுக்குக் கீழே இருந்தது. வண்டி அவருடையதாகவே இருந்தது.

என் அறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். “இறங்கியிருக்கு லா. ஆனா அந்தப் பொடி மாதிரி இறக்கலை.”

“அது மாதிரி இறக்கினா நீங்க இங்க நின்னு பேச மாட்டீங்க அண்ணே.”

சிரித்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். “மிஸ், ஒண்ணு சொல்றேன். பேரு கேக்காதீங்க. டிப்போல இன்னும் நாலைஞ்சு பேர் அந்தப் பொடியைத்தான் தின்னுகிட்டு ஓட்டுறாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறானுங்க. டாக்டர்கிட்ட வந்தா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும்னு பயம்.”

அவர்கள் இந்த அறைக்கு வரமாட்டார்கள். அதை நான் நம்பினேன். கம்பெனியிடம் போய்ச் சொன்னால் யாருக்கு வேலை போகும் என்றும் தெரியும். பொடி விற்றவரைப் பற்றிப் புகார் கொடுத்தேன். அந்தக் கடை மூடினாலும் பொடி வேறு பையில் வந்துவிடும். பசிக்கிறவர்களுக்கு டிப்போ கேண்டீனில் கிடைப்பது தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் திக்கான இனிப்பு டீயும்தான். அந்தக் கேண்டீனை நடத்தியவர் போன மாதம் விட்டுவிட்டார் என்று அண்ணன் சொன்னார்.

நான் போகிற காரணம் இதுதான். அந்தக் கேண்டீனை எடுத்து நடத்தப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். “தோட்டத்து மருந்து வாசனை இல்லாத ரூம்ல, நீ விசிறிக்குக் கீழ உட்கார்ந்து வேலை பாப்பேன்னு நினைச்சேன். கேண்டீன்ல கரண்டி பிடிக்கவா படிச்ச?” என்றார். படித்ததால்தான் அந்த அடுப்புக்குப் போக எனக்குத் தைரியம் என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கியதா என்று இன்னும் சந்தேகம். அப்பா மட்டும், “பின்பக்கத்தைப் படிச்சுட்டு வாங்கு” என்றார்.

கேண்டீனைக் கேட்டுப் போனபோது டிப்போ சூப்பர்வைசரிடம் நான் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சைவச் சாப்பாடு, சோறு விரும்புகிறவருக்குச் சோறு, வேண்டாதவருக்கு மூன்று சுற்று என்றேன். அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு: கல்லாவுக்குப் பின்னால் ஒரு திரைக்குள் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பெயர் கேட்கமாட்டேன். எண் கோணலாக இருந்தால் எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்று நானே சொல்லி, கூடவே போவேன். அப்போதும் ஒருவர் ஓட்டக் கூடாத நிலையில் இருந்தால், சாவியைக் கேட்பேன். இதை எல்லா டிரைவருக்கும் முதல் நாளே சொல்லிவிடப் போகிறேன். மறைத்து வைத்துப் பிறகு செய்தால் ஒருவரும் திரைக்குள் வரமாட்டார்கள்.

முதல் நாள் யாரும் அந்த மூன்று சுற்றைத் தொடமாட்டார்கள் என்று எனக்குப் பயம் இருந்தது. அதைக் கணேசன் அண்ணனிடம் சொன்னேன். தொட்டால் சுகர் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடுமே.

அவர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் அது பயம்தான். பிறகு, “நடு மேசையில நான் உட்கார்றேன். இலை போட்டு வைங்க. பாக்கிறவன் பாக்கட்டும்,” என்றார்.

நேற்று காலை கிள்ளான் பாசாருக்குப் போய் டோஃபு போடும் சீன அங்கிளைப் பார்த்தேன். தட்டைத் திருப்பிப் பார்த்து, ஒரு துண்டைப் பிழிந்து பார்த்து, கெட்டியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஆர்டர் கொடுத்தேன். திங்கட்கிழமை, முதல் பஸ் கிளம்புமுன், டோஃபுவை டிப்போ வாசலில் இறக்கிவிடுவார்.